முதல் கேம் கம்ப்யூட்டர்: எதில் மிச்சம் பிடிக்கலாம்? எதில் கூடாது?

வட சென்னை என்றால் கேரம், கால்பந்து, குத்துச்சண்டை!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளின் விளையாட்டு ஆசை இப்போது கம்ப்யூட்டருக்கும் தாவி இருக்கிறது.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தினால், எதற்கு எவ்வளவு செலவு என்பதை நாமே முடிவு செய்யலாம்.

அதற்குப் பெயர் போன இடம் ரிச்சி தெரு. விம்கோ நகரில் மெட்ரோ ரெயில் ஏறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய் விடலாம்.

ஆனால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அல்லவா? புறப்படும் முன்பே கணக்குப் போட்டு விட வேண்டும்.

மூளையும் கண்ணும்

கம்ப்யூட்டரின் மூளை, "பிராசசர்". திரையில் படம் தீட்டுவது, "கிராபிக்ஸ் கார்டு". விளையாட்டுக்கு இந்தக் கார்டுதான் உயிர். விலையும் அதிகம்.

பணம் போதவில்லையா? கவலை வேண்டாம்! படம் தீட்டும் திறனும் உள்ளேயே அமைந்த பிராசசர்கள் உண்டு. 2021-ம் ஆண்டு வெளிவந்த "ரைசன் 5 5600ஜி" அந்த வகை. எளிய விளையாட்டுகளுக்கு அது போதும். பணம் சேர்ந்ததும் கார்டு வாங்கிப் பொருத்தலாம்.

இந்த வகைக்கு 16 ஜி.பி. "ராம்" ஒன்று போடுவதைவிட, 8 ஜி.பி. ராம் இரண்டு போடுவது வேகம் தரும்.

பொருத்தம் பாருங்கள்

கல்யாணத்துக்கு மட்டுமா பொருத்தம்? கம்ப்யூட்டருக்கும் உண்டு!

"ஏ.எம்.4" மதர்போர்டில் "ஏ.எம்.5" பிராசசர் உட்காராது. "டி.டி.ஆர்.4" ராமுக்கு உரிய இடத்தில் "டி.டி.ஆர்.5" நுழையாது. ஒன்று மாறினாலும் வீண் அலைச்சல்தான்.

இதில் கஞ்சத்தனம் கூடாது

வீட்டு மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது, "எஸ்.எம்.பி.எஸ்." பெட்டி. பலர் காசு மிச்சம் பிடிப்பது இதில்தான். அது தவறு. மட்டமான பெட்டி கெட்டால், தான் மட்டும் போகாது; மற்ற பாகங்களையும் பலி வாங்கி விடலாம். பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால், அதற்கும் போதுமான "வாட்" உள்ள நல்ல பெட்டியாக இப்போதே வாங்குங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டியது எதில்? வண்ண விளக்கிலும் கண்ணாடிக் கூட்டிலும்தான்!

பழைய கார்டு

2022 செப்டம்பரில், "எத்தீரியம்" என்ற டிஜிட்டல் நாணயம் கார்டுகளைக் கொண்டு நாணயம் எடுக்கும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. எனவே, பழைய கார்டு மலிவு என்று மயங்காதீர்கள். விளையாட்டு ஒன்றை ஓட விட்டு, அரை மணி நேரம் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

உப்பும் வெள்ளமும்

கடலோர வீடுகளில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். ஜன்னல் ஓரம் வேண்டாம். தூசு வடிகட்டி உள்ள கூட்டை வாங்கி, அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

2023 டிசம்பர் மிச்சாங் புயலின்போது எண்ணூர் வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததை மறக்க முடியுமா? கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காதீர்கள். மேஜை மேல் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பாகத்துக்கும் பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்பது கடினம்.

வண்ண விளக்கின் அழகு நாலு நாள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். பல ஆண்டு!