மறுமுனையில் இருப்பது கோப்பா, நினைவகமா?

சி மொழி கற்கும் எவரும் முதலில் எழுதும் நிரல் திரையில் ஒரு வாழ்த்தைக் காட்டும். அந்த வேலையைச் செய்யும் பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷனுக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதே நிரலை ஓட்டும்போது, கட்டளை வரியின் கடைசியில் 'பெரிது' குறியும் ஒரு கோப்பின் பெயரும் சேர்த்தால் வாழ்த்து கோப்புக்குள் போய்விடும். குழாய்க்குறி போட்டால் இன்னொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பிரிண்ட்எஃப் அறிந்தது ஸ்ட்ரீம் ஒன்றைத்தான். ஒரு முனையில் பைட்டுகளை வாங்கி, வரிசை குலையாமல் மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அது. மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பது எழுதுபவரின் கவலையல்ல.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம். அங்கே உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பு, திரை, டேப் எதுவானாலும் திறந்தவுடன், இயங்குதளத்தின் மையமான கர்னல் ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். படிப்பது, எழுதுவது எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் அது யூனிக்ஸுக்குள் செல்லும் காசு. சி மொழி மற்றக் கணினிகளுக்கும் குடிபெயரத் தொடங்கியபோது, எங்கும் ஓடக்கூடிய உள்ளீட்டு-வெளியீட்டு நூலகம் ஒன்று தேவைப்பட்டது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் லெஸ்க் அதை எழுதினார். அதைத் திருத்தியமைத்ததே 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த 'ஸ்டாண்டர்ட் ஐ/ஓ'. பத்தாண்டு கழித்து, 1989இல், அமெரிக்கத் தர நிர்ணயத்தின் வழியாக சி மொழியின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது.

ஒரு கோப்பை ஸ்ட்ரீமாகத் திறக்கும் ஃபங்ஷன் எஃப்ஓப்பன். கோப்பின் பெயரையும், எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லும் ஓரிரு எழுத்துகளையும் அதற்குக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு 'ஃபைல்' வகைச் சுட்டி ஒன்று கிடைக்கும். அது சுட்டுகிற இடத்தில் கர்னல் தந்த எண், பைட்டுகளைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபரின் முகவரி, பஃபரில் எதுவரை வந்திருக்கிறோம் என்ற கணக்கு, பிழையும் கோப்பின் முடிவும் நேர்ந்ததா என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். அந்த எண்ணுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பது அற்பமான முடிவாகத் தோன்றலாம். 32-பிட் சோலாரிஸ் இயங்குதளத்தில் அதற்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே 255க்கு மேற்பட்ட எண் கொண்ட கோப்பை ஸ்ட்ரீமாகத் திறக்கவே முடியவில்லை. ஏற்கனவே கம்பைல் செய்த நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் அந்த அமைப்பில் கைவைக்கவும் தயங்கினார்கள்.

திறக்கும் எழுத்துகளில் 'ஆர்' படிக்க. 'ஏ' கடைசியில் சேர்க்க. இடையில் எங்கே நகர்ந்து நின்றாலும் எழுத்து கடைசியில்தான் போய் விழும். 'டபிள்யூ' எழுத. இந்த மூன்றாவதிடம் எச்சரிக்கை வேண்டும். அது முதல் எழுத்தை எழுதும்போது அல்ல, திறந்த கணத்திலேயே பழைய உள்ளடக்கத்தைத் துடைத்துவிடும். பழையதைப் படித்துத் திருத்தி எழுதலாம் என்று 'டபிள்யூ-பிளஸ்' போட்டுத் திறந்தால் படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதற்கு 'ஆர்-பிளஸ்' வேண்டும். கோப்பு ஏற்கனவே இருந்தால் திறக்காதே என்று சொல்லும் 'எக்ஸ்' 2011ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சேர்ந்தது. இவ்வளவு தாமதம் எனக்குப் புரியவில்லை.

இனி பஃபருக்கு வருவோம். ஸ்ட்ரீமின் உயிர் அதில்தான் இருக்கிறது, தொல்லையும் அதில்தான்.

கர்னலை ஒருமுறை அழைப்பது செலவான காரியம். நிரல் ஓடும் நிலையிலிருந்து செயலி கர்னல் நிலைக்கு மாறி, வேலையை முடித்து, மறுபடி திரும்ப வேண்டும். பத்து லட்சம் பைட்டுகளை ஒவ்வொன்றாக எழுதும் நிரல் ஒவ்வொரு பைட்டுக்கும் கர்னலை அழைத்தால் பத்து லட்சம் அழைப்புகள். 4096 பைட் பஃபர் இடையில் இருந்தால் 245 அழைப்புகளில் முடிந்துவிடும். லினக்ஸில் சாதாரணக் கோப்புகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த 4096தான்; ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அது 512.

கோப்புக்கு எழுதும் ஸ்ட்ரீம் நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி: நிறைந்தால்தான் நகரும். முனையத்துக்கு எழுதும்போது வரி முடிந்தவுடன் அனுப்பிவிடும். பிழைச் செய்திக்கான ஸ்ட்ரீம் எதையும் தேக்கி வைக்காது; நிரல் செத்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டிய செய்தி அது அல்லவா! நிரல் நடுவில் நொறுங்கினால் பஃபரில் காத்திருந்த வரிகள் அதோடு போய்விடும். பிழை எங்கே என்று தேடுபவர் கடைசியாகக் கோப்பில் விழுந்த வரியை நம்பி, தவறான இடத்தில் மணிக்கணக்காகக் குடைவது இதனால்தான்.

இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. ஒரு வரியை அச்சிட்டுவிட்டு, ஃபோர்க் என்ற அழைப்பின் வழியாக நிரலை இரண்டாக்கிப் பாருங்கள். திரையில் அந்த வரி ஒருமுறைதான் வரும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் அதே வரி இரண்டுமுறை இருக்கும். பஃபர் கர்னலுக்குள் இல்லை, நிரலின் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. ஃபோர்க் நினைவகத்தை நகலெடுக்கும்போது, இன்னும் அனுப்பாத வரியும் சேர்ந்து நகலாகிறது. இரண்டு நிரல்களும் முடியும்போது ஆளுக்கொரு முறை அதை எழுதிவிட்டுப் போகின்றன. பஃபரில் இருப்பதை உடனே அனுப்பிவிடும் எஃப்ஃப்ளஷை ஃபோர்க்குக்கு முன் ஒருமுறை அழைத்திருந்தால் இந்த வினை இல்லை.

எஃப்ஃப்ளஷ் செய்தவுடன் எழுத்து வட்டில் பதிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. கர்னல் வரைதான் போயிருக்கும். அங்கிருந்து வட்டுக்குப் போக எஃப்சிங்க் என்ற தனி அழைப்பு உண்டு. வட்டில் இடமில்லை என்ற செய்தியும் பல நேரம் எழுதும்போது வராமல், ஸ்ட்ரீமை மூடும் எஃப்குளோஸ் செய்யும்போதுதான் வரும். அது திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காத நிரல், அரைகுறையாகச் சேமித்ததை முழுமை என்று நம்பிக்கொண்டிருக்கும்.

மறுமுனை எதுவானாலும் கவலையில்லை என்றால், அது நிரலின் சொந்த நினைவகமாகவே ஏன் இருக்கக் கூடாது? தேவை நிஜமானது. அறிக்கை தயாரிக்கும் ஒரு ஃபங்ஷன் ஃபைல் சுட்டியை வாங்கி அதில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறிக்கை கோப்பாக வேண்டாம், ஒரு சரமாகக் கையில் வேண்டும். முன்பெல்லாம் தற்காலிகக் கோப்பில் எழுதி, திரும்பப் படித்து, கோப்பை அழிப்பார்கள். இல்லையென்றால் சரத்துக்குள் எழுதும் ஸ்பிரிண்ட்எஃப்பைக் கொண்டு, எத்தனை பைட் வரும் என்று குத்துமதிப்பாக இடம் ஒதுக்கி, அது வழிந்து பக்கத்து நினைவகத்தைக் கெடுப்பதையும் பார்ப்பார்கள்.

க்னூ நூலகம் இதற்கு இரண்டு ஃபங்ஷன்களைத் தந்தது. 2008இல் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரமும் அவற்றை ஏற்றுக்கொண்டது.

எஃப்மெம்ஓப்பன் அளவு தெரிந்த நினைவகத் துண்டைக் கோப்பாகக் காட்டும். இது சோதனைக்கு அருமையானது. கோப்பைப் படித்துப் பொருள் பிரிக்கும் ஃபங்ஷனுக்கு உண்மைக் கோப்பு எதுவும் இல்லாமல், நிரலுக்குள் எழுதிய நாலு வரியைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். எழுதும்போதுதான் கவனம் தேவை. கொடுத்த அளவைத் தாண்டினால் பிழை வரும், ஆனால் உடனே வராது. இங்கும் இடையில் பஃபர் இருக்கிறது. பிரிண்ட்எஃப் குடும்பம் 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிடும், உண்மை எஃப்ஃப்ளஷிலோ எஃப்குளோஸிலோதான் வெளிப்படும். உடனே தெரிய வேண்டுமென்றால் அந்த ஸ்ட்ரீமின் பஃபரை செட்பஃப் கொண்டு நீக்கிவிடலாம். சரத்தின் முடிவில் வைக்கும் சுழியத்துக்கு ஒரு பைட் மிச்சம் விடுவதும் நம் பொறுப்பு.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஓப்பன்-மெம்ஸ்ட்ரீம். அளவே கேட்காது, எழுத எழுத நினைவகத்தை வளர்த்துக்கொள்ளும். ஒரு சுட்டியின் முகவரியையும் ஓர் அளவின் முகவரியையும் கொடுத்துவிட்டு, இஷ்டம்போல் எழுதி, மூடினால் சரம் தயார். வேலை முடிந்ததும் ஃப்ரீ செய்ய வேண்டியது நாம். ஸ்ட்ரீம் மூடியதால் நினைவகம் தானாகத் திரும்பிப் போய்விடாது. மூடும் முன்பே சுட்டியைப் பார்ப்பவர்களுக்குத்தான் அடி விழும். எஃப்ஃப்ளஷ் அல்லது எஃப்குளோஸ் செய்த பிறகே அதில் சரியான முகவரி இருக்கும். மறுபடி எழுதினால் அந்த உத்தரவாதமும் முடிந்தது, ஏனெனில் வளரும் நினைவகம் இடம் மாறக்கூடும்.

நினைவகத்துக்குக் கோப்பு வேடம் பொருந்தாத இடங்களும் உண்டு. மைக்ரோசாஃப்டின் சி நூலகத்தில் இவ்விரண்டும் இல்லை. லினக்ஸிலும், நினைவக ஸ்ட்ரீமுக்குப் பின்னால் கர்னல் தந்த எண் கிடையாது. ஃபைல்நோ கொண்டு கேட்டால் கழித்தல் ஒன்று என்று பதில் வரும். அதனால் கர்னல் எண்ணைக் கேட்கும் எந்த அழைப்பிலும் இதைப் பயன்படுத்த முடியாது. இன்னொரு நிரலின் வெளியீட்டை இதற்குள் திருப்பவும் முடியாது. அப்படித் தேவைப்பட்டால் 2014இல் கர்னல் 3.17உடன் வந்த மெம்எஃப்டி-கிரியேட் இருக்கிறது. அது நினைவகத்தில் வாழும் கோப்பு ஒன்றை உண்மையான எண்ணோடு தரும். அந்த எண்ணை எஃப்டிஓப்பனிடம் கொடுத்தால் பழைய ஃபைல் சுட்டியே திரும்பக் கிடைத்துவிடும்.