மலைப்பாதைக்கு ஒரு பெட்டி

எல்லயிலிருந்து வெல்லவாய வரை 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் சுமார் 800 மீற்றர் இறங்கிவிடும் ஊவா மலைப்பாதைகளில் ஓட வேண்டிய ட்ரெயிலரை, அதாவது வெல்டிங் கடையில் கோண இரும்பும் பழைய வாகன அச்சும் கொண்டு செய்யப்படும் இழுவைப் பெட்டியை, சமதரைக்குச் செய்வது போலக் கண்மதிப்பில் செய்துவிட முடியாது. சட்டத்தின் கனத்தைப் பார்த்துப் பெட்டியை மதிப்பிடுவது தவறு. அச்சு எங்கே பொருத்தப்படுகிறது என்பதே முதற்கேள்வி.

மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்த கணக்குத்தான் இதற்கும் அடிப்படை. அச்சுக்குப் பின்னால் சுமை மிகுந்தால் பெட்டியைக் கொக்கியோடு இணைக்கும் ஏர்க்கால் மேலெழும்பி, இழுக்கும் ஜீப்பின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைக்கிறது; வேகம் கூடும்போது பெட்டி இருபுறமும் அலையத் தொடங்கி, அலைவு வளர்ந்து, ஜீப்பையே திருப்பிவிடவும் கூடும். ஆகவே மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மீது இறங்குவது நல்லது. கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 8 அடி இருந்தால், பாரமையம், அதாவது பெட்டியும் சுமையும் சேர்ந்த எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, அச்சுக்குச் சுமார் 10 அங்குலம் முன்னால் அமைய வேண்டும்.

ஏற்றத்தில் இக்கணக்கு மாறுகிறது. தேயிலைக் கொழுந்து மூட்டைகளை உயர அடுக்கியதால் பாரமையம் கொக்கிக்கு 3 அடி மேலே போய்விட்டால், 10 அடிக்கு 1 அடி ஏறும் பாதையில் அது ஏறத்தாழ 3½ அங்குலம் பின்வாங்கியதற்குச் சமமாகி, கொக்கியின் மீதான பாரத்தில் மூன்றிலொரு பங்கு குறைந்துவிடுகிறது. தளம் தாழ்ந்து இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் தாங்கப்படும்படி, இரு சங்கிலிகளை அதன் அடியில் குறுக்காகப் பூட்டுவதும் அவசியம்.

இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த லேண்ட்மாஸ்டரின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படும் இரண்டு சக்கர உழவு இயந்திரம் பெட்டியை இழுக்கும்போது ஆபத்து இன்னும் நுட்பமானது. சமதரையில் இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் இடச்சக்கரம் விசையிழந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் சுமை பின்னாலிருந்து தள்ளும் இறக்கத்தில், அதே கிளட்சைப் பிடித்தவுடன் இடச்சக்கரம் தடையின்றி உருள, வலச்சக்கரத்தை மட்டும் எஞ்சின் இழுத்துப் பிடிப்பதால், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. பள்ளத்தின் விளிம்பில் ஓட்டுநர் நினைத்ததற்கு நேரெதிரான திசை அது. இதனால் இத்தகைய பெட்டியின் சக்கரங்களுக்கு, முன்னால் அமர்ந்திருப்பவரின் காலுக்கு எட்டும் மிதியுடன் தனி பிரேக் தேவைப்படுகிறது; அதுவும் இரு சக்கரங்களையும் ஒரே அளவில் பிடிக்காவிட்டால், பெட்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.