எடையே பணமாக: சீனத்தின் வெள்ளிச் செலாவணி முறை

முன்னுரை

சீனத்தில் சதுரத் துளையிட்ட செப்புக்காசுகளை அரசு வார்த்து வெளியிட்டது. அவை எண்ணிக் கொடுக்கப்பட்டன. வெள்ளியோ நெடுங்காலம் நாணயமாக அடிக்கப்படாமல், நிறுத்துக் கொடுக்கப்படும் உலோகமாகவே வழங்கியது. எனவே அதன் மதிப்பை முடிவுசெய்தவை தூக்குக்கோலும் மாற்றும் ஆகும். மிங், சிங் ஆட்சிக்காலங்களில் இம்முறை இயங்கியவாற்றையும் அதன் சுமை எவர்மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வெள்ளியின் பரவல்

மிங் அரசு 1375-இல் காகிதப் பணத்தை வெளியிட்டு, வெள்ளி வழங்கலைத் தடைசெய்தது. காகிதப் பணம் மதிப்பிழக்கவே தடை தளர்ந்தது. 1436-இல் தென்பகுதி தானிய வரியின் ஒரு பகுதி வெள்ளியாகப் பெறப்பட்டது. 1581-இல் அமைச்சர் சாங் சூசெங் பல்வகை வரிகளையும் ஊழியக் கடமைகளையும் ஒன்றாக்கி வெள்ளியில் செலுத்தும் முறையை நாடெங்கும் விரிவுபடுத்தினார். ஜப்பானிய, அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி இத்தேவையை நிறைவுசெய்தது.

அலகும் மாற்றும்

அடிப்படை அலகு லியாங். அது 10 ச்சியென், 100 ஃபென் எனப் பகுக்கப்பட்டது. 16 லியாங் ஒரு ஜின். பெருந்தொகைக்கு 50 லியாங் எடையுள்ள ‘யுவான்பாவோ’ பாளங்கள் பயன்பட்டன. சில்லறைக்கு வெள்ளியைக் கத்தரித்துச் சிறு தூக்குக்கோலில் நிறுத்தனர். பாளங்கள் பலவற்றில் வார்த்த கொல்லரின் பெயர் பொறிக்கப்பட்டது. மாற்றுக்கு அவரே பிணை. எனினும் லியாங்கின் எடை எங்கும் ஒன்றாக இல்லை. அரசுக் கருவூல லியாங் ஏறத்தாழ 37.3 கிராம், சுங்கத்துறை லியாங் ஏறத்தாழ 37.7 கிராம். சந்தைகளும் தத்தமக்கெனத் தனி நிறைகளைக் கொண்டிருந்தன.

சேதாரமும் வரியும்

உழவர் செலுத்திய சிறு துண்டுகளை உருக்கிப் பாளமாக்கும்போது ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய, ‘ஹுவோஹாவ்’ என்னும் உருக்குச் சேதாரம் கூடுதலாகப் பெறப்பட்டது. உள்ளூர் அலுவலர் உண்மை இழப்பைவிட மிகுதியாகப் பெற்று, எஞ்சியதைத் தமதாக்கினர். 1724 முதல் யோங்செங் பேரரசர் இத்தொகையைப் பொது வருவாயாக்கி, அதிலிருந்து அலுவலர்க்கு ‘நேர்மை வளர்க்கும் வெள்ளி’ என்னும் கூடுதல் ஊதியம் வழங்கச் செய்தார். முறைகேட்டைத் தடுக்கும் நோக்குடைய இச்சீர்திருத்தத்திலும் சேதாரச் சுமை வரி செலுத்துவோரிடமே நின்றது.

முடிவுரை

1933-இல் லியாங் கணக்கு நீக்கப்பட்டு யுவான் நாணயம் பொது அலகாயிற்று. எடையே பணமாக இருந்த வரையில், நிறுப்பதும் மாற்றுக் காண்பதும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் மதிப்பைப் புதிதாக வரையறுத்தன. ஆகவே, ஆவணங்களில் காணப்படும் ‘லியாங்’ என்னும் சொல்லை, எந்த இடத்து நிறை, எந்த மாற்று என்பதை அறியாமல் ஒரே மதிப்பாகக் கொள்வது பிழையாகும்.