வீட்டுக்காரருக்கு எதற்கு ஊக்கத்தொகை?

மாதம் 600 ரிங்கிட் வாடகைக்கு ஒரு சிறிய வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம். சாவி கைக்கு வரும் முன்பே 2,100 ரிங்கிட். நம்மில் பலருக்கு இதை அப்பாவோ அம்மாவோ கட்டிவிடுவார்கள். அப்படி யாருமே இல்லாதவர் என்ன செய்வார்?

சமூகப் பணிப் பாடத்துக்காக அமெரிக்க வளர்ப்புப் பராமரிப்பு முறையைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. பெற்றோரிடம் பாதுகாப்பில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்யும் பிள்ளைகள் அங்கு வளர்ப்புக் குடும்பங்களிலோ இல்லங்களிலோ வளர்கிறார்கள். 18 வயதில், பல மாநிலங்களில் 21 வயதில், அந்தப் பராமரிப்பு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வீடு தேடுவது அவரவர் பாடு.

இவர்களுக்காக அமெரிக்க மத்திய அரசின் வீடமைப்புத் துறை 2019ஆம் ஆண்டு ஒரு வாடகைப் பற்றுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 24 வயது வரையிலானவர்கள் விண்ணப்பிக்கலாம். வருமானத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை இளைஞர் கட்டுவார். ஒரு வரம்புக்குள் மீதி வாடகையை உள்ளூர் வீடமைப்பு அமைப்பு நேராக உரிமையாளரிடம் செலுத்தும். உதவி 36 மாதங்களுக்கு. படிப்பு, வேலை போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் 60 மாதங்கள் வரை நீளும்.

நல்ல திட்டம்தான். ஆனால், பற்றுச்சீட்டை ஏற்றுக்கொள்ள ஒரு வீட்டுக்காரர் வேண்டுமே! பொதுவாக வாடகைப் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்களை உரிமையாளர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று அர்பன் இன்ஸ்டிடியூட் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஃபோர்ட் வொர்த் நகரில் 78 விழுக்காட்டு உரிமையாளர்கள் மறுத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 76, வாஷிங்டன் டி.சி.யில் 15. இப்படி மறுப்பதை வாஷிங்டனில் சட்டம் தடை செய்கிறது. அப்படியானால் சட்டம் போட்டால் போதுமா? பிலடெல்பியாவிலும் தடை இருந்தது. அங்கே 67 விழுக்காடு!

ஊக்கத்தொகை இங்குதான் வருகிறது. பற்றுச்சீட்டு இளைஞரை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உரிமையாளருக்குச் சில ஊர்களில் ஒரு தொகை தருகிறார்கள். அரசாங்கப் பரிசோதனை முடியும்வரை வீடு காலியாகக் கிடந்தால் அதற்கும் ஈடு தருவதுண்டு. வாஷிங்டன் மாநிலம் (தலைநகர் அல்ல, மேற்குக் கரையில் இருப்பது) 2018 முதல் ஒரு இழப்பீட்டு நிதியை நடத்துகிறது. வாடகை உதவி பெறும் எவருக்கு வீடு கொடுத்தாலும், சேதம் ஏற்பட்டால் 5,000 டாலர் வரை உரிமையாளர் கோரலாம்.

முதலில் எனக்கு இது உறுத்தியது. வீடில்லாதவருக்கு உதவ, வீடு வைத்திருப்பவருக்கா பணம்? அதுவும் வேண்டாம் என்று சொன்னவருக்கு? பிறகு அவர் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். வந்து நிற்பவருக்கு 19 வயது. முன்பு வாடகைக்கு இருந்த விவரம் இல்லை, கடன் வரலாறு இல்லை, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடப் பெரியவர் யாரும் இல்லை. நம் விஷயத்தில் அப்பாவின் கையெழுத்து செய்கிற வேலையை அங்கே இந்த நிதி செய்கிறது.

இருந்தாலும், கையெழுத்துக்காகத் தரும் தொகையைவிட இழப்பீட்டு நிதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முன்னது ஒருமுறை கொடுத்ததும் தீர்ந்துவிடும். பின்னது சேதம் நடந்தால் மட்டுமே செலவாகும். வாடகை ஒப்பந்தம் முழுக்க உரிமையாளரின் பயத்தைக் குறைக்கும். அதோடு, நள்ளிரவில் குழாய் உடைந்தாலோ, பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தாலோ, தொலைபேசியை எடுக்க ஒரு சமூகப் பணியாளர் வேண்டும். எந்த ஊக்கத்தொகையும் அந்த வேலையைச் செய்யாது.

36 மாதம் ஒழுங்காக வாடகை கட்டிவிட்டால், அடுத்த வீடு தேடும்போது அந்த இளைஞருக்குச் சொல்வதற்கு ஒரு பழைய வீட்டுக்காரரின் பெயராவது இருக்கும். அப்போது அவருக்கு 22, 23 வயதுதான் ஆகியிருக்கும்.