பாட்டி திடீரென்று குழப்பமாகப் பேசுகிறாரா? சிறுநீர்த்தொற்றாகவும் இருக்கலாம்!

நேற்று இரவு வரை சீரியல் பார்த்து, மாத்திரையை மறக்காமல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட 78 வயதுப் பாட்டி, காலையில் மகளைப் பார்த்து 'நீ யாரும்மா?' என்கிறார். என்றோ இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுகிறார். 'வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு' என்கிறார் ஒருவர். 'காத்து கருப்பு பட்டிருக்கும்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சிறுநீரில் கிருமித்தொற்று இருக்குமோ என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

இளம் வயதினருக்கு இந்தத் தொற்று வந்தால் எரிச்சல், அடிவயிற்று வலி என்று உடலே சொல்லிவிடும். முதியவர்களுக்கு எரிச்சல் இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல்கூட வராமல் போகலாம். திடீர்க் குழப்பம், ஓயாத தூக்கம், பசியின்மை, தடுமாறி விழுவது, புதிதாகப் படுக்கையிலேயே சிறுநீர் போவது என்று வேறு வேடத்தில் வரும். இந்தத் திடீர்க் குழப்பத்தை மருத்துவர்கள் 'டெலீரியம்' என்பார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. இதுவோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் குழம்புவார். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலானோர் தெளிந்துவிடுவார்கள்; சிலருக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும், ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கி சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குவதும் தொற்றுக்கு வழிவிடுகின்றன. சர்க்கரை நோய், சிறுநீர்க்குழாய் பொருத்தியிருப்பது, நேரத்துக்கு மாற்றாத டயப்பர் ஆகியவையும் காரணங்கள்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளில், 'அங்க பாத்ரூம் எப்படி இருக்குமோ' என்று காலையிலிருந்தே பாட்டி தண்ணீரைத் தொடமாட்டார். இரவில் மருமகளை எழுப்பக் கூச்சப்பட்டு, மாலையிலிருந்தே தாத்தா தாகத்தை அடக்கிக்கொள்வார். 'தண்ணி குடிங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, கழிப்பறை போகும் வழியில் ஒரு இரவு விளக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் வைத்துக் கொடுத்தால் அவர்கள் தாமாகவே குடிப்பார்கள். இதய, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குழப்பம் என்றாலே சிறுநீர்த்தொற்று என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சோடியம் குறைவு, சர்க்கரை குறைவு, புதிய மாத்திரை, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவர்களின் சிறுநீரிலும் கிருமி இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் அது தெரிந்தாலே பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. போன தடவை மீந்த மாத்திரையைக் கொடுப்பது இன்னும் மோசம். கல்ச்சர் பரிசோதனைக்கு, மருந்து தொடங்கும் முன்பே சிறுநீர் கொடுப்பதுதான் நல்லது. முடிவு வர 2, 3 நாள் ஆகும். உடல்நிலை மோசமாக இருந்தால் மருத்துவர் அதுவரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குவார்.

நடுக்கம், மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் எழாத மயக்கம், சிறுநீர் அளவு குறைவது ஆகியவை தொற்று ரத்தத்துக்குப் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனைக்குப் போகும்போது, போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். 'நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்தாங்க' என்பதை முதலில் சொல்லுங்கள்.