கடைக்கால் தோண்டும் முன்னே...
கிராமத்தில் வீடு கட்ட அனுமதி: வரைபடத்துக்கு முன் நிலத்தைப் படியுங்கள்!

நெல் விற்ற பணம், மகன் அனுப்பிய பணம், நகையை வைத்து வாங்கிய கடன் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கிராமத்தில் ஒரு வீடு எழும்புகிறது. ஆனால், மேஸ்திரியைப் பார்த்து, ஜோசியரைப் பார்த்து, நாள் குறித்து, செங்கல்லுக்கு முன்பணமும் கொடுத்த பிறகுதான் பலருக்குக் கட்டட அனுமதியின் நினைவே வருகிறது. அப்போது ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், 'இந்த இடத்துக்கு அனுமதி தர முடியாது' என்ற பதில் கிடைக்கிறது. வரைபடத்தில் குறை இருந்தால் ஒரே நாளில் திருத்திவிடலாம். நிலத்தில் குறை இருந்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். சில நிலங்களுக்கு எவ்வளவு அலைந்தாலும் வழி பிறக்காது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது இன்னும் கூர்மையான பிரச்னை. நெடுஞ்சாலையை ஒட்டிய ராஜகுளம் தொடங்கி உத்திரமேரூர் வரை, ஒரு பக்கம் ஏரிப் பாசன நஞ்சை, மறுபக்கம் கல் நட்டு, கொடி கட்டி விற்கும் மனைகள். தொழிற்சாலைகளும் சாலைகளும் வர வர, விளைநிலம் மனையாக மாறுகிறது. விற்பவரும் விவசாயி, வாங்குபவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம்தான்.

சொந்த மனையில் சொந்த வீடு என்பதற்கு இந்த மண்ணில் பழைய மரியாதை உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமான தகுதிகள். ஏரியைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்தது. மனை யாருடையது, நிலம் என்ன வகை, ஏரிக்குரிய இடம் எது என்ற அந்தப் பழைய கேள்விகளைத்தான் இன்றைய அனுமதி விண்ணப்பமும் கேட்கிறது.

உங்கள் நிலம் எந்த வகை?

1. கிராம நத்தம்: தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட இடம். இங்கு வீடு கட்ட மனைப்பிரிவு ஒப்புதல் தேவையில்லை. கட்டட அனுமதி மட்டும் போதும். சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். நத்தம் பட்டா தாத்தா பெயரிலோ பெரியப்பா பெயரிலோ இருக்கும். அனுபவத்தில் பேரன் இருப்பார். வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, பட்டா மாற்றிய பிறகே விண்ணப்பிக்க முடியும். குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தாள் கட்டணத்தில் சலுகை உண்டு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் பேசிக்கொள்ளும் நல்ல நாளிலேயே இதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். வீடு பாதி எழும்பிய பிறகு கையெழுத்துக் கேட்டால் பேச்சே வேறாகிவிடும்.

2. ஒப்புதல் பெற்ற மனை: நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எண் கொடுத்து ஒப்புதல் தந்த மனைப்பிரிவு. சாலைகள் ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். பெரிய மனைப்பிரிவாக இருந்தால் பூங்காவுக்கு 10 சதவீத இடமும் விடப்பட்டிருக்கும். இங்கு அனுமதி வாங்குவது எளிது. ஆனால், விற்பவர் காட்டும் நோட்டீஸில் உள்ள எண்ணை நம்பாமல், ஒப்புதல் வரைபட நகலை வாங்கி, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவுக்கு விட்ட இடத்தையே மனையாக விற்றுவிடும் ஏமாற்று வேலையும் நடக்கிறது.

3. 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை: கிராமங்களில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டுமே உள்ள மனைப்பிரிவுக்குச் சட்டப்படி ஒப்புதல் கிடையாது. விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதைத் தடுக்கக் கோரிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ம் தேதி இத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு, 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன் உருவாகி விற்கப்பட்ட மனைகளுக்கு மட்டுமே இந்த விதிகள் பொருந்தும். வரன்முறைப்படுத்தாத மனைக்குக் கட்டட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எதுவும் தரக் கூடாது என்றும் விதி சொல்கிறது.

ஏற்கெனவே மனையாகப் பதிவான இடத்தை மீண்டும் பதிவு செய்ய ஒரு விலக்கு உண்டு. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 'ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, பட்டாவும் வந்துவிட்டது, பிறகென்ன?' என்று நினைக்கிறார்கள். பதிவு வேறு, பட்டா வேறு, மனை ஒப்புதல் வேறு. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. வரன்முறைக்கான கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. விவசாய நிலம்: 'என் நிலம், என் கொல்லை, நான் வீடு கட்டக் கூடாதா?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், நஞ்சையோ புஞ்சையோ, அதை விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற நில உபயோக மாற்ற அனுமதி வேண்டும். முழுமைத் திட்டம் இல்லாத கிராமப் பகுதிகளுக்கு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 47-ஏ பிரிவும், 2017-ல் வந்த விதிகளும் இதைச் சொல்கின்றன. வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை அறிக்கைகளும் கேட்கப்படும். நஞ்சைக்குக் கெடுபிடி அதிகம். காரணம் எளிது. நடுவயலில் ஒருவர் மண் கொட்டி மேடாக்கினால், கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போகாது. மேல்மடைக்காரருக்குத் தண்ணீர் வடியாது.

5. நீர்நிலை, பொதுப் புறம்போக்கு: ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், வண்டிப்பாதை என்று பதிவேட்டில் இருந்தால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் பல ஆண்டு அனுபவமும் நீர்நிலையை மனையாக்காது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் 2015 டிசம்பர் மழையில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியாது. தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

இடம் வாங்கும் முன்னும், வீடு கட்டும் முன்னும் இந்த ஐந்தையும் எடுத்துப் பாருங்கள்:

* பட்டா, சிட்டா: பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு. பத்திரத்தில் உள்ள பரப்போடு பொருந்த வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள்.
* அ-பதிவேடு: நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பது இதில்தான் தெரியும்.
* புலப்படம்: அளவும் எல்லையும் இருக்கும். வாய்க்கால், பாதை குறுக்கே போனால் இதில் தெரிந்துவிடும்.
* வில்லங்கச் சான்று: குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள்.
* ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை: மனைப்பிரிவில் வாங்கிய இடமாக இருந்தால்.

முதல் நான்கையும் அரசு இணையதளங்களில் பார்க்கலாம். கைப்பேசியில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது.

சுயசான்று முறை: சிறு வீடுகளுக்கு எளிய வழி

நிலத்தில் குறையில்லை என்றால் அனுமதி வாங்குவது முன்பைவிட எளிது. 2024 ஜூலை 22-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய சுயசான்று திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்டதாகக் கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அப்படியானால் 2,500 சதுர அடி என்பது சுமார் ஐந்தே முக்கால் சென்ட். கிராமத்து வீட்டுமனைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

இந்த முறையில் அனுமதிக்கு முன் அலுவலர்களின் கள ஆய்வு கிடையாது. கூர்ந்தாய்வுக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் ஆகியவற்றிலிருந்தும் விலக்கு உண்டு. கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. சதுர அடிக் கணக்கில் ஒரே கட்டணத்தை இணையத்திலேயே கட்டலாம். ஊராட்சிகளுக்கு இது நகரங்களைவிடக் குறைவு.

சலுகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'சுயசான்று' என்றால், 'நான் கொடுத்த விவரம் அத்தனையும் உண்மை' என்று உரிமையாளரே பொறுப்பேற்பது. வாய்க்கால் புறம்போக்கை மறைத்தோ, ஒப்புதல் இல்லாத மனையை ஒப்புதல் உள்ளதாகக் காட்டியோ அனுமதி வாங்கினால் அது செல்லாது. அப்போது நஷ்டம் வரைபடம் போட்டுக் கொடுத்தவருக்கு இல்லை, வீடு கட்டியவருக்குத்தான். எனவே, கணினி மையத்தில் யாரோ நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தை, கையெழுத்துப் போடும் முன் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய வீடு, கடை, கிடங்கு, திருமண மண்டபம் என்றால் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கட்டடமானாலும் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலையின் அகலத்துக்கும் கட்டடத்தின் உயரத்துக்கும் ஏற்ப முன்னும் பக்கங்களிலும் இடம் விட வேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பும் கட்டாயம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரி கட்டுகிறோம். அதுவே அனுமதி ஆகாதா?
ஆகாது. வரி என்பது கட்டடம் இருப்பதற்கான வசூல். அனுமதிக்கோ உரிமைக்கோ அது ஆதாரம் இல்லை.

கிராமத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? அனுமதி எதற்கு?
வங்கிக் கடன் கேட்கும்போது முதலில் கேட்பது ஒப்புதல் வரைபடத்தைத்தான். அது இல்லாதவர் கந்துவட்டிக்குப் போக வேண்டியிருக்கும். நாளை வீட்டை விற்கவோ, பிள்ளைகளுக்குள் பிரிக்கவோ போகும்போதும் அந்தக் குறை விலையைக் குறைத்துவிடும்.

தொழிலாளர் நல வாரிய நிதி எல்லோரும் கட்ட வேண்டுமா?
கட்டுமானச் செலவில் 1 சதவீதம் என்பது விதி. சொந்தக் குடியிருப்புக்காகக் குறிப்பிட்ட செலவு வரம்புக்குள் கட்டும் வீட்டுக்கு மத்தியச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது.

விண்ணப்பத்தை இழுத்தடித்தால் என்ன செய்வது?
இணையத்தில் விண்ணப்பித்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

நிலத்தை மனையாக விற்கப் போகும் விவசாயிக்கும் இதில் பொறுப்பு உண்டு. தரகர் சொன்னார் என்று ஒப்புதல் இல்லாமல் கல் நட்டு விற்றால், வாங்கியவர் வந்து நிற்பது தரகர் வீட்டு வாசலில் அல்ல, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் வாசலில்தான். விதைக்கும் முன் மண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறோம். வீடு கட்டும் முன்னும் அதே வேலைதான். பரிசோதனை மட்டும் தாலுகா அலுவலகத்துப் பதிவேட்டில்.