செவிலியர் சொல் வீட்டில் பலிக்க

நோய்க்கு மருந்து கொடுப்பதோடு மருத்துவப் பணி முடிந்துவிடுவதில்லை. அம்மருந்தை எத்தனை நாள் உட்கொள்வது, எவ்வுணவைக் குறைப்பது, எந்தக் குறி தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்வது என்பனவற்றை நோயாளிக்கு விளங்கச் சொல்லுவதும் அப்பணியின் ஒரு பகுதியாகும். இதனை நோயாளிக் கல்வி என்பர். கிராமங்களில் இப்பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்றிருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியரே. சமவெளியில் 5,000 மக்களுக்கும் மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நெறி. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன.

மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. ஆயினும், ஒரே அறிவுரை ஒரு வீட்டில் நடைமுறைக்கு வருகிறது. அடுத்த வீட்டில் வருவதில்லை. நோயாளியின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடுதல் எளிது, ஆனால் சரியன்று. ஆண் பெண் வேறுபாடு, ஊர் வழக்கம், உள்ளத்தின் ஊக்கம் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

ஆண், பெண் வேறுபாடு

நீரிழிவுள்ள ஒரு விவசாயியிடம், "சோற்றைக் குறையுங்கள், காய், கீரை, பயறு மிகுதியாகச் சேருங்கள்" என்று செவிலியர் சொல்லுகிறார். அவர் தலையசைக்கிறார். ஆனால் அடுப்பங்கரையில் இருப்பவர் அவருடைய மனைவி. அவர் காதில் விழாத அறிவுரை உலையில் ஏறுவதில்லை. இனி, அதே நோய் மனைவிக்கு வந்தால் நிலைமை என்ன? கணவருக்காக உணவை மாற்றிச் சமைக்கும் பெண், தனக்காக மாற்றிச் சமைக்கத் தயங்குகிறார். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே பல வீடுகளில் பெண்களின் வழக்கமாக உள்ளது.

2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் இரத்தச் சோகை காணப்பட்டது. ஆகவே, பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரையை அவர் கணவரும் மாமியாரும் உடனிருந்து கேட்பது நலம். அதே வேளையில், பிறர் முன்னிலையில் சொல்லக் கூசும் செய்திகளும் அவருக்கு உண்டு. அவற்றுக்குச் சிறிது தனிமையும் வேண்டும்.

ஆண்களுக்கும் ஒரு தடை உண்டு. செவிலியர் வரும் பகல் வேளையில் அவர்கள் வயலில் இருக்கிறார்கள். மது, புகையிலை, சிறுநீர்க் கோளாறு ஆகியவை பற்றி ஒரு பெண்ணிடம் பேச வெட்கமும் தடுக்கிறது. அவர்களுக்கேற்ற நேரத்தையும், பேசத்தக்க ஆண் பணியாளரையும் அமைத்துத் தருதல் வேண்டும்.

ஊர் வழக்கம்

கருவுற்ற பெண்களுக்கு நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரை உண்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்ற அச்சம் சில இடங்களில் நிலவுகிறது. மலம் கறுத்துப் போவதைக் கண்டவுடன் அவ்வச்சம் உறுதிப்படுகிறது. அந்நிற மாற்றம் இரும்பினால் நேர்வது, தீங்கற்றது என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும். தேநீர், காப்பியோடு அம்மாத்திரையை உண்டால் சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சைச் சாறோடு உண்டால் நன்கு சேரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கமும் அத்தகையதே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதே நன்று. நோயைத் தடுக்கும் ஆற்றல் சீம்பாலில் மிகுதியாக உள்ளது. பசுவின் சீம்பாலை விரும்பி உண்ணும் நாம், தாயின் சீம்பாலைப் பிழிந்து கொட்டுவது பொருந்துமா? எனினும் வழக்கத்தை இகழ்ந்து பேசினால் வீட்டார் மனம் மூடிக்கொள்ளும். சேனை வைக்கும் அப்பெரியவரே குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்க்கட்டும் என்று கேட்கலாம். அவர் மதிப்பும் குறையாது; குழந்தையின் நலமும் கெடாது.

விரதமும் இவ்வாறே. நீரிழிவுள்ளவர் உணவின்றி மாத்திரையை மட்டும் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் நேரலாம். "விரதம் கூடாது" என்று கடிந்து சொன்னால், பலர் சொல்லாமலே இருந்துவிடுவர். "விரதத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டு மாத்திரை அளவை அறிந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் கேட்பர்.

இக்கருத்து புதியதன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1892-இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர்ப் பகுதிக் கிராமங்களில் சுகாதாரம் போதிக்கும் பெண்களைப் பயிற்றுவிக்க முனைந்தார். சொற்பொழிவு மட்டும் போதாது, வீடுதோறும் சென்று தாய்மாரோடு தோழமையாகப் பழக வேண்டும் என்பதே அவர் வற்புறுத்திய முறையாகும்.

உள்ளத்தின் ஊக்கம்

காசநோய்க்கு மருந்து பொதுவாக ஆறு மாதம் உண்ண வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, உடல் தேறுகிறது. "இனி எதற்கு மருந்து?" என்று நோயாளி நிறுத்திவிடுகிறார். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறி, நோய் முன்னிலும் கொடிதாகத் திரும்பக்கூடும். இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எவ்வித வலியையும் காட்டுவதில்லை. வலியில்லாத நோய்க்கு நாள்தோறும் மருந்து உண்ண மனம் எவ்வாறு இசையும்?

அச்சுறுத்தல் சில நாட்களே பயன்படும். நோயாளிக்கு உரிய காரணத்தை அவர் வாழ்விலிருந்தே கண்டு சொல்லுதல் வேண்டும். அடுத்த நடவுக்கு வயலில் இறங்க வேண்டும், மகள் திருமணத்தை நடத்த வேண்டும் என்பன போன்ற எண்ணங்களே அவரை மருந்தோடு பிணைத்து வைக்கும். வெறுங்காலோடு வயலில் உழைக்கும் நீரிழிவு நோயாளிக்குக் காலில் முள் தைத்தாலும் உணர்ச்சி இல்லாதிருக்கலாம். அவரிடம் பத்துக் கட்டளைகள் இடுவதைவிட, "இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் பார்த்துவிடுங்கள்" என்ற ஒன்றை முதலில் பழக்கப்படுத்துவது மேல். "வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று அவரையே திரும்பச் சொல்லச் செய்தால், விளங்கியதும் விளங்காததும் அப்போதே தெரிந்துவிடும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

செவிலியர் ஒருவராக இத்தனையும் செய்துவிட இயலாது. கிராம சுகாதாரக் குழுவைத் தக்க முறையில் கூட்டி, செவிலியரின் குறைகளைக் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அவர் பேசச் சிறிது நேரம் ஒதுக்கலாம். ஆண்கள் வீடு திரும்பும் மாலை வேளையில் மாதம் ஒரு கூட்டம் நடத்தலாம். துணை நிலையத்தில் பெண்கள் தனித்துப் பேச ஒரு திரையாவது அமைக்கலாம். காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அது அவர் வங்கிக் கணக்கில் சேர்கிறதா என்று அவர் பெயர் வெளியாகாவண்ணம் விசாரித்து உதவலாம்.

நம் மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்விடங்களில் அமரும் பெண்கள், அடுப்பங்கரையின் உண்மைகளைப் பஞ்சாயத்து மன்றத்தில் எடுத்துரைக்க வல்லவர்கள். அவர்கள் செவிலியரோடு ஒரு நாள் வீடு வீடாகச் சென்று வந்தால், எந்த அறிவுரை எங்கே தடைப்படுகிறது என்பதை நேரில் காண்பர். அத்தடையை அகற்றுவது ஊராரின் கடமையாகும். அக்கடமையை இம்மாதமே தொடங்குவோமாக.